கேட்காமல் துடைத்த சுவர்

தீப்பிடித்த வீட்டைத் துடைத்துக் கொடுப்பதும் ஒரு பிழைப்பா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கரியக்காவிடம் கேட்டால், "ஜனங்க எரிக்கறத நிறுத்தட்டும், நானும் நிறுத்திடறேன்" என்பாள். ஜனங்கள் நிறுத்தவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு போனில் பேசப் போனவர்கள், சிகரெட்டை விரலில் வைத்துக்கொண்டே குறட்டை விட்டவர்கள், எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலில் வம்பளந்தவர்கள் என்று அவளுக்கு வேலை வைத்துக்கொண்டே இருந்தார்கள். தீயணைப்பு வண்டி போன பிறகு, புகையும் ஈரமும் சேர்ந்து நாறுகிற வீட்டுக்குள் முதலில் கால் வைப்பது அவள் கூட்டம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். அணைந்த வீட்டில் பிடுங்குவதற்குக் கரியைத் தவிர என்ன இருக்கிறது?

கரியக்கா என்பது அந்தக் கூட்டத்தின் மேஸ்திரி வைத்த பெயர். வைத்த நாளில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு கோபப்படத் தெம்பில்லாமல் போய், பெயர் நிலைத்துவிட்டது. இப்போது வீட்டுக்காரரே டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கரியக்கா வந்தாச்சா? நேரா குளிக்கப் போ, சோபாவுல உக்காந்துடாத" என்பார். அவளும் நேராகக் குளிக்கப் போவாள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு போகாது. தோள்பட்டை வலி குளித்தால் கொஞ்சம் அடங்கும், படுத்தால் மறுபடி கிளம்பும். மறுநாள் அதே தோளைத் தூக்கிக்கொண்டு வேறொரு கறுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.

அவள் ஒன்றும் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வரவில்லை. பெரிய அலுவலகம் ஒன்றில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு மாடி எரிந்து, சுத்தம் செய்ய வந்தவர்களுக்கு ஆள் பற்றாமல், "நீயும் ஒரு கை பிடி" என்று மேஸ்திரி கூப்பிட்டார். பிடித்த கையை அப்புறம் விடவே இல்லை. தரை துடைக்கிறவளுக்கு இதில் என்ன புதுசு என்று முதல் நாள் வாளித் தண்ணீரைச் சுவரில் அடித்தாள். கறுப்பு கோடு கோடாக இறங்கி சுவருக்குள்ளேயே குடியேறிவிட்டது. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். கரியை முதலில் காய்ந்த ஸ்பாஞ்சால் எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அது முடிந்த பிறகுதான் சோப்புத் தண்ணீர், அதுவும் கீழேயிருந்து மேலே. மூலைகளில் புகைக்கரி கறுப்பு நூலாகத் தொங்கும். ஒட்டடை என்று நினைத்து விளக்குமாற்றை வீசினால் அது உடைந்து சுவரெங்கும் அப்பிக்கொள்ளும். இதையெல்லாம் திட்டு வாங்கித் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டாள்.

இன்னொன்றையும் அப்படித்தான் கற்றுக்கொண்டாள். வந்த புதிதில் ஒரு வீட்டில், வாய் சும்மா இருக்காமல், "எப்படிம்மா ஆச்சு?" என்று வீட்டுக்காரியைக் கேட்டுவிட்டாள். அந்தப் பெண் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் பாய்ந்து வந்தான். பழி போடுகிற சண்டை ஆரம்பித்து, அன்றைக்கு வேலையே நடக்கவில்லை. மேஸ்திரி வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார்: "எரிஞ்ச வீட்டுல எல்லாரும் குத்தவாளிதான் அக்கா. நாம கேக்கக் கூடாது. வந்தமா, துடைச்சமான்னு போகணும்." அதற்குப் பிறகு அவள் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. அவர்களாகச் சொல்ல வந்தாலும், "ஆகறதுதான், எல்லாம் சரியாயிடும்" என்று வாயை அடைத்துவிடுவாள். ஆறுதலுக்கு ஆறுதல், நேரமும் மிச்சம். நல்ல மனுஷி என்று பெயரும் எடுத்தாள்.

ஒருநாள் காலை தையல் கடை ஒன்றில் வேலை. எரிந்த துணி மூட்டைகளைப் பையில் கட்டிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, இங்க சமையலறையில தீப்பிடிச்சிருச்சும்மா. அத்தைக்குப் புகை ஏறிடுச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். உசிருக்கு ஒண்ணும் இல்லையாம். பக்கத்து வீட்டுக்காரங்கதான் அணைச்சாங்க. அம்மா, நான்..."

"சரி சரி, ஆகறதுதான். நீ அழாத. சாவி எங்க?"

"பக்கத்து வீட்டுல இருக்கு" என்றாள் மகள்.

"நீங்க மெதுவா வாங்க. நான் போய் பாத்துக்கறேன்" என்று போனை வைத்தாள் கரியக்கா. வைத்ததும் அவள் வாயில் வந்த வார்த்தை, "மறந்து தொலைச்சுட்டாளா!" என்பதுதான்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. மகள் சின்ன வயதிலேயே குழாயைத் திறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவள். பள்ளிச் சீருடையின் முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அச்சைப் பதித்தவள். "உன் கவனம் எந்தக் காட்டுல மேயுது?" என்று கேட்டுக் கேட்டே வளர்த்தாள் தாய். கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போன பின்பும் அந்த பயம் தாயை விடவில்லை. அந்த பயம் இப்போது கூடியிருந்தது, ஏனென்றால் போன மாதம்தான் மகள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டு, ஏசி, விரலில் ஒரு பொட்டு அழுக்குப் படாத வேலை. சொல்லிச் சொல்லிப் பூரித்தாள் கரியக்கா. மாமியாருக்கு அதில் விருப்பமில்லை. "வேலைக்கு ஓடற அவசரத்துல ஒருநாள் வீட்டக் கொளுத்தப் போறா" என்று விளையாட்டாகவோ வினையாகவோ ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இனி அந்த அம்மாள் அந்தக் கறுத்த சமையலறையைப் பார்த்தால் போதும், கண்ணாடிக் கடைக்கு முழுக்குதான். பார்ப்பதற்குள் அங்கே ஒன்றுமே நடக்காததுபோல் செய்துவிட வேண்டும். மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு, வாளியும் ஸ்பாஞ்சுமாக பஸ் ஏறினாள்.

மூன்றாவது மாடி. பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருந்தது. படிக்கட்டில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு உருளையை எடுத்து அக்கம்பக்கத்தார் அடித்ததில் தீ சமையலறையைத் தாண்டவில்லை. உள்ளே, கறுப்பின் மேல் வெள்ளைப் பொடி படிந்து கிடந்தது. ஜன்னல் திரை இருந்த இடத்தில் வளையங்கள் மட்டும் தொங்கின. மூலையில் பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கிய அலமாரி கரிக்கட்டையாகி நின்றது, டப்பாக்கள் உருகி ஒரே கட்டியாக அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அடுப்பு. அடுப்பின் மேல் பால் பாத்திரம்.

பாத்திரத்தைப் பார்த்ததும், "நெனச்சேன்" என்றாள் கரியக்கா, யாரும் இல்லாத சமையலறையிடம்.

அதற்குப் பிறகு கை தானாக வேலை செய்தது. ஜன்னலைத் திறந்தாள். பொடியை உறிஞ்சி எடுக்க பக்கத்து வீட்டில் மெஷின் இரவல் வாங்கினாள். பாலைத் தொட்டியில் ஊற்றிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தாள். அலமாரியைக் கட்டை கட்டையாகப் பிரித்து, அதன் பின்னால் உருகித் தொங்கிய பிளக் பெட்டியையும் ஒயரையும் பிடுங்கி, எல்லாவற்றையும் பைகளில் கட்டி, தோள் கெஞ்சக் கெஞ்ச மூன்று மாடி இறங்கிக் குப்பை வண்டியில் கையோடு ஏற்றிவிட்டாள். பிறகு சுவர். மூலையில் கரி அடியில் குறுகி மேலே அகலமாக விரிந்திருந்தது. அடுப்புக்கு மேலே வெறும் புகை மூட்டம்தான். எத்தனையோ வீடுகளில் பார்த்த கோலம்தான் அது. தீ எங்கே முளைத்ததோ அங்கே அதன் அடி குறுகலாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் அவள் அதைப் படிக்க வரவில்லை. துடைக்க வந்திருந்தாள். ஸ்பாஞ்சை மேலே வைத்தாள், ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தாள்.

சாப்பிடவில்லை. நடுவில் ஒரு தடவை ஸ்டூலிலிருந்து இறங்க முடியாமல், அதன் மேலேயே சற்று நேரம் சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். வெயில் தாழ்வதற்குள் மூலை வெளுத்துவிட்டது. மீதமிருந்த மங்கலை மறைக்க, மேஸ்திரி கொடுத்துவிட்ட டப்பாவிலிருந்து ஒரு பூச்சு பெயின்டும் அடித்தாள். இவ்வளவு நேர்த்தியாக அவள் எந்த வீட்டையும் செய்ததில்லை. கூலி வாங்காத வேலைக்குத்தான் கை அப்படிக் கூடிவரும் போலிருக்கிறது.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். மாமியாரை ஒரு பக்கம் மாப்பிள்ளையும் மறுபக்கம் மகளும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாமியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது, முகம் வெளிறியிருந்தது. உட்காரச் சொன்னால் உட்காராமல் நேராகச் சமையலறை வாசலுக்குப் போய் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா துடைச்சிருக்கீங்க சம்பந்தியம்மா" என்றாள்.

"இருக்கட்டும். நீங்க போய்ப் படுங்க. உடம்பு தேறட்டும்."

"உடம்பு கெடக்கட்டும். பால அடுப்புல வெச்சுட்டு, கடைக்கு நேரமாச்சுன்னு இவ பாட்டுக்குச் சீவிச் சிங்காரிச்சுக்கிட்டு இருந்திருக்கா. திரை பத்திக்கிச்சு. ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டேன், நாளையிலேருந்து கடைக்குப் போக வேண்டாம்னு. இவ எதையும் மறுக்கவும் இல்ல. நெருப்பில்லாம புகையுமா?"

மகள் கீழே பார்த்தபடி நின்றாள். "நான் அடுப்ப அணைச்சுட்டேன் அத்தை" என்று மட்டும் சொன்னாள். அதிலும் உயிரில்லை. சொன்னாலும் எடுபடாது என்று முன்பே தெரிந்த குரல்.

பால் என்ற சொல்லைக் கேட்டதும் கரியக்கா தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பாலை அவள்தான் ஊற்றினாள். பாத்திரம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. மேலே கரி படிந்திருந்ததே தவிர, அடி பிடிக்கவில்லை, பொங்கி வழிந்த தடமும் இல்லை. எரிகிற அடுப்பில் மறந்த பால் அப்படியா இருக்கும்? உடனே மூலைச் சுவரும் நினைவுக்கு வந்தது. அடியில் குறுகி, மேலே விரிந்து, பிளக் பெட்டிக்கு நேர் மேலே.

"இல்ல சம்பந்தியம்மா" என்றாள். "தீ அடுப்புல ஆரம்பிக்கல. அந்த மூலையில, அலமாரிக்குப் பின்னால இருந்த பிளக் பெட்டியில ஆரம்பிச்சது. அங்கேருந்துதான் திரைக்குத் தாவியிருக்கு. செவுத்துல தெரிஞ்சுது."

"எந்தச் செவுத்துல?"

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"பெட்டி எங்க?"

"குப்பை வண்டியில போட்டுட்டேன்."

மாமியார் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். உங்களக் குத்தம் சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கறேன், மனசத் தொட்டுச் சொல்லுங்க. நாங்க வந்து பாக்கறதுக்குள்ள இவ்வளவு அவசரமா ஏன் துடைச்சீங்க? உங்க பொண்ணு பண்ணினது எங்க கண்ணுல படக் கூடாதுன்னுதானே?"

மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவர் ஒன்று கையில் கிடைத்தால் உலகத்தையே பிரித்து மாட்டுகிற ஆள். சமையலறைக்குப் பிளக் பற்றவில்லை என்று அந்தப் பெட்டியைத் தானே வாங்கிவந்து, தானே ஒயர் இழுத்து மாட்டியவர். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் சுவரோரமாக நின்றார்.

கரியக்கா யோசித்தாள். பொய் சொல்வது சுலபம். தொழில் புத்தி, கை சும்மா இருக்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அதைச் சொன்னால் மூலையைப் பற்றிச் சொன்னதும் பொய்யாகிவிடும். பெற்றவளின் வக்காலத்து என்று ஒதுக்கிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் மகள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். பொன் குஞ்சு என்று நினைத்திருந்தால் இன்றைக்கு இந்த வம்பே வந்திருக்காதே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"ஆமா" என்றாள். "மறைக்கத்தான் துடைச்சேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவதான் மறந்திருப்பான்னு நெனச்சுதான் ஓடி வந்தேன். கதவத் தொறந்து பாலப் பாத்ததும் முடிவே பண்ணிட்டேன். எதுர்ல இருந்த செவுத்தக்கூட ஒழுங்காப் பாக்கல. அவ்வளவு நம்பிக்கை எனக்கு, இவ பண்ணியிருப்பான்னு. இப்ப நீங்க பாலுன்னதும்தான் உறைக்குது. அந்தப் பால் பொங்கவே இல்ல சம்பந்தியம்மா. அடுப்பு அணைஞ்சுதான் இருந்திருக்கு. இவளுக்காகப் பேசறதுன்னா நான் காலையிலேயே பேசியிருப்பேனே. பெத்தவளே நம்பாம வந்து, கண்ணால பாத்தத இப்பச் சொல்றேன். அப்புறம் உங்க இஷ்டம்."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். மாமியார் கரியக்காவின் முகத்தைப் பார்த்தாள், வெள்ளைச் சுவரைப் பார்த்தாள், கடைசியாக மகனைப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டி சூடாகுதுன்னு இவ முன்னாடியே சொன்னாம்மா" என்றார் மாப்பிள்ளை. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "ஞாயித்துக்கிழமை பாக்கறேன்னு விட்டுட்டேன்."

"ஆஸ்பத்திரியில வாயில என்ன வெச்சிருந்தே?" என்றாள் மாமியார். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். வாசற்படியில் நின்று, திரும்பாமலே மருமகளிடம் சொன்னாள்: "காலையில கடைக்குப் போகணும்ல. சீக்கிரம் குளிச்சுட்டு எதையாவது சாப்பிட்டுப் படு."

மன்னிப்பு அந்த அளவுக்குத்தான் வரும். அதுவே பெரிது. கரியக்கா வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மகள் அதை வாங்கிக்கொண்டு கூடவே படியிறங்கினாள். ஒரு மாடி இறங்கினார்கள். திருப்பத்தில் கரியக்காவின் முழங்கால் வேலைநிறுத்தம் செய்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க சொன்னதுல எனக்கு வருத்தமில்லம்மா" என்றாள் மகள், நின்றபடியே. "மாமியார், சொல்லத்தான் செய்வாங்க. நான் மொதல்ல போன் பண்ணினது உனக்கு. நீ சாவி எங்கன்னு கேட்டே."

கரியக்காவுக்கு முகம் எரிந்தது. எத்தனை வீடுகளில் அடுத்தவர் வாயை ஆறுதல் சொல்லி அடைத்திருப்பாள்! அது இங்கிதம் என்றல்லவா இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தாள். பெற்ற பெண்ணின் வாயையும் அதே துணியால் அடைத்துவிட்டு வந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது. அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை.

"தப்புதான்" என்றாள். "இப்பக் கேக்கறேன். உக்காரு. எப்படி ஆச்சு?"

"இப்ப எதுக்கும்மா?"

"சொல்லு. மொதல்லேருந்து சொல்லு."

மகள் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள். முதலில் சுருக்கமாகத்தான் சொன்னாள். பாலைக் காய்ச்ச வைத்தாள். நேரமாகிவிட்டதால் காய்வதற்குள் அணைத்துவிட்டு உடை மாற்றப் போனாள். படபடவென்று சத்தம் கேட்டது. வந்து பார்த்தபோது சமையலறை முழுக்கக் கறுப்பாக இருந்தது. அத்தை எதையோ எடுத்து அணைக்கலாம் என்று உள்ளே போய் விழுந்து கிடந்தாள்.

"அப்புறம்?"

"உள்ள போனேன்."

"நீயா? பக்கத்து வீட்டுக்காரங்கதான் அவங்களத் தூக்கிட்டு வந்தாங்கன்னு நெனச்சேன்..."

"அவங்க வந்தது அப்புறம். அத்தைக்கு நெனவில்ல. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

கரியக்கா அப்போதுதான் மகளைச் சரியாகப் பார்த்தாள். ஒரு பக்கத்துப் புருவம் பொசுங்கிச் சுருண்டிருந்தது. காது மடலில் கரி அப்பியிருந்தது. காலையிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் இப்படியே நின்றிருக்கிறாள். இருமுகிறவளைத்தான் எல்லோரும் கவனித்தார்கள்.

"அத்தை கையப் பிடிச்சு இழுத்தேன். கனமா இருந்தாங்க, நகரவே இல்ல. கதவு எந்தப் பக்கம்னே தெரியலம்மா. எனக்கு மூச்சு முட்டிச்சு." மகள் நிறுத்தினாள். மறுபடி பேசியபோது குரல் மிகவும் சிறுத்திருந்தது. "கைய விட்டுட்டேன். விட்டுட்டு வெளிய ஓடி வந்துட்டேன். கூடம் வரைக்கும் வந்துட்டேன்மா. அவங்கள உள்ளயே விட்டுட்டு. ஆஸ்பத்திரியில அவங்க என்ன சொன்னாலும் என்னால வாயத் தொறக்க முடியல. யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

கரியக்கா கறுத்த நகமுள்ள கைகளால் மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஆனா அவங்க வெளிய வந்தாங்களே" என்றாள். "நீ திரும்பி உள்ள போனியா?"

ஆமாம் என்று மகள் தலையாட்டினாள். வாய்விட்டு அழத் தொடங்கினாள்.